ஒரு முறை மோதுவதும் எட்டு முறை மோதுவதும்

தமிழில் செஸ் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சிக்கல் வரும். 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியது 'போட்டி'. 2007-இல் மெக்சிகோ நகரில் எட்டுப் பேர் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை ஆடியதும் 'போட்டி'. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். ஆனால் ஆடுகிறவருக்கு இவை இரண்டும் வேறு வேறு உலகம். முதலாவது மேட்ச்: எதிரில் ஒரே ஆள், ஆறு, எட்டு, பன்னிரண்டு ஆட்டம் என்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது டோர்னமென்ட்: இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். இந்தக் கட்டுரையில் அந்த ஆங்கிலச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

இது வெறும் அகராதிப் பிரச்சினை இல்லை. மனிதனா கணினியா, செஸ்ஸில் யார் பலசாலி என்று சுமார் 20 ஆண்டுகள் உலகம் கேட்டுக்கொண்டிருந்தபோது, விடை பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டோர்னமென்டில் கேட்டால் ஒரு பதில், மேட்சில் கேட்டால் வேறு பதில். அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பலமுறை நின்றவர் மயிலாடுதுறையில் பிறந்த ஒரு தமிழர்.

எங்கள் ஊர் உச்சிப்புளி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், மண்டபத்துக்கு முன்னால் வரும் ரயில் நிலையம். சின்ன வயதில் எனக்கு செஸ் தெரியாது, ஆடுபுலி ஆட்டம்தான் தெரியும். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் கல்லும் வைத்து அப்பத்தாவோடு ஆடுவேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டை வெட்டும். ஆடு புலியைச் சூழ்ந்து அடைக்கும். இரண்டு தரப்புக்கும் எண்ணிக்கையும் வேறு, வேலையும் வேறு. ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு எழுந்தால் அப்பத்தா விடமாட்டார். "ஒக்காருய்யா. புலிய வச்சு ஜெயிச்சது ஒரு ஜெயிப்பா? இப்ப நீ ஆடு." ஒரு முறை ஜெயிப்பது எதையும் நிரூபிக்காது என்று முறையாகப் புள்ளியியல் படிப்பதற்கு முன்பே எனக்குச் சொன்னவர் அவர்தான்.

பரிசை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது

1980-இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்கின் பரிசு என்று ஒன்றை அறிவித்தார்கள். மூன்று படிகள். மாஸ்டர் தரத்தைத் தொடும் முதல் கணினிக்கு 5,000 டாலர். கிராண்ட்மாஸ்டர் தரத்தைத் தொடும் முதல் கணினிக்கு 10,000 டாலர். நடப்பு உலக சாம்பியனை வீழ்த்தும் முதல் கணினிக்கு 1,00,000 டாலர்.

முதல் இரண்டு படிகளும் தரப்புள்ளியை வைத்து அளக்கப்பட்டவை. அதாவது, பல பேரோடு பல ஆட்டங்கள் ஆடிச் சேர்த்த எண். கடைசிப் படி மட்டும் ஒரே ஒரு மனிதர் மீது வைக்கப்பட்டது. பத்துப் பேரைச் சமாளிப்பது ஒன்று, உச்சியில் இருக்கும் ஒருவரைத் தொடர்ந்து சந்தித்து வெல்வது வேறொன்று என்பதைப் பரிசுத் தொகையே சொல்லிவிடுகிறது.

முதல் படியை பெல் என்ற இயந்திரம் 1983-இல் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது டீப் தாட். 1988 நவம்பரில் லாங் பீச்சில் நடந்த டோர்னமென்டில் அது டோனி மைல்ஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. வழியில் டென்மார்க்கின் பென்ட் லார்சனை வென்றது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் அதே டோர்னமென்டில் ஆடி அதற்குப் பின்னால்தான் முடித்தார். பத்திரிகைகள் துள்ளின. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1989 அக்டோபரில், அதே டீப் தாட் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் இரண்டு ஆட்ட மேட்ச் ஆடியது. காஸ்பரோவ் 2-0.

காஸ்பரோவ் தாலைவிடப் பலமானவர், அதனால் தோற்றது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதி பாதியைப் பார்க்க 1994-க்குப் போக வேண்டும்.

லண்டன், ஆகஸ்ட் 1994

அந்த ஆண்டு மே மாதம் மியூனிக்கில் ஒரு பிளிட்ஸ் டோர்னமென்ட். ஃபிரிட்ஸ் 3 என்ற மென்பொருள், கடையில் கிடைக்கும் பென்டியம் கணினியில் ஓடி, காஸ்பரோவோடு முதலிடத்தைப் பகிர்ந்தது. காஸ்பரோவ், ஆனந்த், கிராம்னிக், ஷார்ட் எல்லோரும் அதனிடம் ஆளுக்கு ஓர் ஆட்டம் தோற்றார்கள். முதலிடத்தைத் தீர்மானிக்க இருவருக்கும் ஒரு சின்ன மேட்ச் வைத்தார்கள். அதில் காஸ்பரோவ் 4-1 என்று நசுக்கினார். அதே ஆள், அதே மென்பொருள், அதே ஊர், அதே வேக ஆட்டம். மாறியது ஒன்றுதான்: இப்போது எதிரில் வேறு யாரும் இல்லை.

ஆகஸ்டில் லண்டன். ஆளுக்கு 25 நிமிடம், நாக்-அவுட் முறை. முதல் சுற்றிலேயே செஸ் ஜீனியஸ் என்ற மென்பொருள் காஸ்பரோவை 1.5-0.5 என்று வெளியேற்றியது. அடுத்த சுற்றில் பிரெட்ராக் நிகோலிச்சையும் அனுப்பிவைத்தது. அரையிறுதியில் எதிரில் வந்தவர் 24 வயது ஆனந்த். இரண்டு ஆட்டங்களையும் ஆனந்தே ஜெயித்தார்.

இதை வைத்து ஆனந்த் காஸ்பரோவைவிடப் பலசாலி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் நடந்த சாம்பியன்ஷிப் மேட்சில் காஸ்பரோவ் 10.5-7.5 என்று ஆனந்தைத் தோற்கடித்தார். முதல் எட்டு ஆட்டங்கள் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வெற்றி. அதற்குப் பிறகு, எதிராளியின் தொடக்க நகர்வுகளைத் துருவி வைத்திருந்த காஸ்பரோவ் அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்று மேட்சை முடித்துவிட்டார். ஆனால் 1991-92 ரெஜியோ எமிலியா டோர்னமென்டில் காஸ்பரோவ், கார்ப்போவ் இருவரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவரும் இதே ஆனந்த்தான்.

ஆக, அ என்பவர் ஆ-வை வெல்கிறார், ஆ இ-யை வெல்கிறது, இ அ-வை வெல்கிறார். காகிதம், கத்தரி, கல் மாதிரி. 'பலம்' என்பது ஒருவர் பையில் வைத்திருக்கும் பொருள் இல்லை. இருவருக்கு நடுவில் உண்டாகிற ஒன்று.

ஏன் அப்படி?

டோர்னமென்டில் ஒரு மென்பொருளை ஒரே முறைதான் சந்திக்கிறீர்கள். அதன் குணம் உங்களுக்குத் தெரியாது. அது களைப்படையாது, போன ஆட்டத்தில் தோற்றதை நினைத்து இரவு விழித்திருக்காது, "நாளைக்குப் பெரிய ஆட்டம் இருக்கு, இன்னைக்கு டிரா பண்ணிப்போம்" என்று கணக்குப் போடாது. நீங்கள் ஒரு சிப்பாயைக் கவனிக்காமல் விட்டால் எடுத்துக்கொள்ளும். பலம் குறைந்தவர்களிடம் புள்ளிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொள்ளும். டோர்னமென்டில் முதலிடம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

மேட்சில் நிலைமை திரும்புகிறது. மனிதன் கற்றுக்கொள்கிறான். காய்கள் திறந்த வெளியில் மோதினால் இயந்திரம் பயங்கரம். சிப்பாய்கள் முட்டிக்கொண்டு ஆட்டம் அடைபட்டால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது. இதை முதல் ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் இரண்டாவதில் வேண்டுமென்றே அடைக்கலாம். அந்தக் காலத்து மென்பொருள்களுக்குத் தொடக்க நகர்வுகள் ஒரு பட்டியலாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டால் மறுநாளும் அதே குழிக்குள் அதை நடத்திக்கொண்டு போகலாம். பிறகுதான் தோற்ற வழியைத் தவிர்க்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

அதனால் 1997 வரை ஒரு பொதுப் படம் இருந்தது: டோர்னமென்டில் இயந்திரம் உள்ளே நுழையும், மேட்சில் மனிதன் வெளியே தள்ளுவான். 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் டீப் புளூ முதல் ஆட்டத்தை வென்று உலகத்தை உலுக்கியது. ஆறு ஆட்டம் முடிந்தபோது காஸ்பரோவ் 4-2. முதல் ஆட்டத்தோடு கலைந்திருந்தால் அது வேறு வரலாறு.

இஸ்கியாவின் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த மேட்ச், பலருக்கும் நினைவில்லாத ஒன்று. 1998 ஜூலை, இத்தாலியின் இஸ்கியா தீவு. உலகத் தரவரிசையில் இரண்டாவதாக இருந்த ஆனந்தும், நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர் எழுதிய ரெபெல் 10 மென்பொருளும். எட்டு ஆட்டம். முடிவு: ரெபெல் 5, ஆனந்த் 3.

இந்த ஒற்றை வரியைப் படித்தால் கதை முடிந்தது. ஆனால் உள்ளே பாருங்கள். நான்கு ஆட்டங்கள் பிளிட்ஸ், ஆளுக்கு 5 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 5 வினாடியும்: ரெபெல் 3-1. இரண்டு ஆட்டங்கள் ஆளுக்கு 15 நிமிடம்: ரெபெல் 1.5-0.5. கடைசி இரண்டு ஆட்டங்கள் டோர்னமென்ட் நேரப்படி, இரண்டு மணி நேரத்தில் 40 நகர்வுகள்: ஆனந்த் 1.5-0.5.

யோசிக்க நேரம் கொடுக்கக் கொடுக்க மனிதன் மேலே ஏறி வருகிறான். 5-3 என்ற கூட்டுத்தொகை இந்த ஏணியை அப்படியே மறைத்துவிடுகிறது. எட்டில் நான்கு பிளிட்ஸ் என்பதை மாற்றி எட்டும் நீண்ட ஆட்டம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் தலைப்புச் செய்தி வேறாக இருந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். இரண்டு ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது. செஸ் தரப்புள்ளி முறையை வகுத்த இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோவின் கணக்குப்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். அது நூறு ஆட்டத்துக்கு. ஆறு ஆட்டத்தில் 3.5-2.5 என்று ஒருவர் ஜெயித்தால், எலோ வாய்ப்பாட்டின்படி அவர் 58 புள்ளி மேலே. ஆனால் ஆறு என்ற சின்ன எண்ணிக்கையின் தடுமாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர் உண்மையில் 50 புள்ளி கீழே இருப்பதற்கும் 180 புள்ளி மேலே இருப்பதற்கும்கூட அந்த முடிவு பொருந்தும். 3.5-2.5 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ காஸ்பரோவை வென்ற கணக்கு அதுதான்.

யார் யாரைப் படித்தார்கள்

1997-இல் மேட்ச் என்ற மனிதக் கோட்டைக்குள்ளேயே இயந்திரம் நுழைந்தது. எப்படி என்பதுதான் முக்கியம். வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் வேகம் ஒரு காரணம். இன்னொன்று, மேட்சின் அடிப்படையே தலைகீழானது. காஸ்பரோவின் வாழ்நாள் ஆட்டங்கள் எல்லாம் ஐபிஎம் குழுவிடம் இருந்தன. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் அந்தக் குழுவில் இருந்தார். ஆட்டங்களுக்கு நடுவே நிரலைத் திருத்த விதி அனுமதித்தது. காஸ்பரோவிடமோ புதிய டீப் புளூவின் ஆட்டங்கள் எதுவும் இல்லை. அதாவது கற்றுக்கொள்கிற இடத்தில் இயந்திரத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தது. இருட்டில் ஆடுகிற இடத்தில் மனிதன்.

இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற காஸ்பரோவ் அதிலிருந்து மீளவே இல்லை. ஆறாவது ஆட்டம் 19 நகர்வில் முடிந்தது. களைப்பு, சந்தேகம், கோபம் எல்லாம் மேட்சில் அடுத்த நாளுக்குக் கூடவே வரும். டோர்னமென்டில் மறுநாள் வேறு முகம். மேட்சில் அதே முகம். டீப் புளூவுக்கு முகமே இல்லை. கற்றுக்கொள்ள உதவும் என்று நினைத்த மேட்ச், மனிதனைக் காயப்படுத்தவும் செய்யும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஃபிரெட்கின் பரிசின் ஒரு லட்சம் டாலர் டீப் புளூவை உருவாக்கியவர்களுக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த இயந்திரம் ஆடவே இல்லை. ஒரு டோர்னமென்டில்கூட உட்காராமல் ஓய்வுபெற்றது. அதன் தரப்புள்ளி என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரே மனிதருடன் 12 ஆட்டம் மட்டுமே ஆடிய ஒன்றுக்கு நம்பகமான எண் எப்படி வரும்?

அந்தக் கேள்விக்கு வேறொரு மென்பொருள் பதில் சொல்லிப் பார்த்தது. 2000 ஜூலையில் டார்ட்மண்ட் டோர்னமென்டில் டீப் ஜூனியர் கலந்துகொண்டது. முதலிடத்தை கிராம்னிக்கும் ஆனந்தும் 6 புள்ளியோடு பகிர்ந்தார்கள். டீப் ஜூனியர் 9 ஆட்டத்தில் 4.5. சரியாகப் பாதி. காஸ்பரோவை ஒரு இயந்திரம் மேட்சில் வென்று மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் உலகின் உச்ச வீரர்கள் நிறைந்த அறையில் ஒரு நல்ல மென்பொருள் இன்னும் நடு வரிசையில்தான் இருந்தது.

2002-இல் பஹ்ரைனில் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸோடு 4-4. முதல் நான்கு ஆட்டம் முடிந்தபோது அவர் 3-1 முன்னிலை. பிறகு இரண்டு தோல்வி. 2006 நவம்பரில் பான் நகரின் கலைக் கண்காட்சிக் கூடத்தில் மறுபடியும் அதே ஜோடி. இரண்டாவது ஆட்டத்தில் கிராம்னிக் ஒரே நகர்வில் வரும் செக்மேட்டைக் கவனிக்கவில்லை. முடிவு 4-2, டீப் ஃபிரிட்ஸ். அதோடு, உலக சாம்பியன் ஒருவர் கணினியோடு சமமாக உட்கார்ந்து மேட்ச் ஆடும் காலம் முடிந்தது. 2009-இல் பியூனஸ் அயர்ஸில் கைப்பேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 ஒரு டோர்னமென்டில் 10-க்கு 9.5 எடுத்தது. அது வினாடிக்குப் பார்த்தது 20,000 நிலைக்கும் குறைவு. களம் எதுவானாலும் பதில் இனி ஒன்றுதான்.

அதே கூடம், இரண்டு மனிதர்கள்

இயந்திரக் கேள்வி முடிந்த நேரத்தில் அதே கேள்வி மனிதர்களிடம் திரும்பி வந்தது. 2007-இல் மெக்சிகோவில் 14-க்கு 9 எடுத்து ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். டோர்னமென்டில் வாங்கிய பட்டம் பட்டமா, மேட்சில் ஜெயிக்க வேண்டாமா என்று முணுமுணுப்பு. 2008 அக்டோபரில் கிராம்னிக்கோடு மேட்ச். இடம் பான், இரண்டு ஆண்டு முன்பு கிராம்னிக் கணினியிடம் தோற்ற அதே கூடம். ஆனந்த் 6.5-4.5. மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கருப்புக் காய்களோடு, வீட்டில் கணினி வைத்துத் தோண்டியெடுத்த புதிய வழிகளால் வென்றார். இயந்திரம் இப்போது எதிரில் இல்லை, பின்னறையில் இருந்தது. 2000-இல் நாக்-அவுட், 2007-இல் டோர்னமென்ட், 2008-இல் மேட்ச் என்று மூன்று வடிவத்திலும் உலகப் பட்டம் வென்றவர் ஆனந்த் ஒருவர்தான். அந்தப் பழைய 'பட்டமா' கேள்விக்கு அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை, அப்பத்தா சொன்ன மாதிரி பக்கத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்து காட்டினார்.

இந்த வரலாற்றை நான் இப்போது தோண்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்குப் பதிலாக ஒரு உரையாடல் நிரலை வைக்கலாமா என்று சோதித்தார்கள். பழைய கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை நிரலிடமும் மனிதரிடமும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். நிரல் ஜெயித்தது. குழு பாதியானது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் கிளம்பும்போது என்னிடம் கேட்டார்: "அண்ணா, போன வாரம் அழுதுட்டு போன வெச்சவங்க இந்த வாரமும் கூப்பிடுவாங்கல்ல. அத யாரும் டெஸ்ட்ல சேக்கலையே?"

அவர் கேட்டது மேட்ச் பற்றி. நிறுவனம் நடத்தியது டோர்னமென்ட். மேட்ச் வைத்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. செஸ் வரலாறு அந்த ஆறுதலைத் தருவதில்லை. மனிதனின் கோட்டை என்று நம்பிய மேட்சும் கடைசியில் விழுந்தது. ஆனால் எட்டு ஆண்டு முன்பின்னாக, ஒவ்வொரு களத்திலும் தனித்தனியாகப் போராடித்தான் விழுந்தது. 1988-இல் லாங் பீச்சைப் பார்த்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதியவர்கள் தவறான களத்தைப் பார்த்துச் சரியான முடிவை அவசரமாக எழுதினார்கள். செஸ்ஸில் அந்த அவசரத்தால் யாருக்கும் வேலை போகவில்லை.

இன்று செஸ் மென்பொருள்களின் தரப்புள்ளி 3,500-க்கு மேல் என்கிறார்கள். கார்ல்சனின் உச்சம் 2,882. இரண்டையும் கழித்து வித்தியாசம் சொல்வது எளிது, ஆனால் அந்த 3,500 மென்பொருள்கள் தங்களுக்குள் ஆடிச் சேர்த்தது. இரு குளத்துக்கும் நடுவில் வாய்க்கால் இல்லை. இயந்திரம் மிக மிகப் பலம் என்பதில் சந்தேகமே கிடையாது. எவ்வளவு என்ற எண்ணுக்குத்தான் பொருள் இல்லை.

டீப் ஃபிரிட்ஸ் கிராம்னிக்கை வென்ற அதே 2006-இல் சென்னையில் பிறந்தவர் குகேஷ். கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அவரை செஸ் மென்பொருள் பக்கமே போகவிடாமல் வளர்த்தார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் எட்டுப் பேர் ஆடிய டோர்னமென்டில் 14-க்கு 9 எடுத்துத் தகுதி பெற்றார். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனோடு மேட்சின் பதினான்காவது ஆட்டம். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். நேரலைத் திரைகளின் ஓரத்தில் இயந்திரத்தின் கணிப்பு டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தது. பலகையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது சரிதான். எதிரில் இருந்தவர் பதின்மூன்று ஆட்டம் ஆடிக் களைத்திருந்தார் என்பது அந்தக் கணிப்பில் இல்லை. குகேஷ் டிராவுக்குப் போகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார்.